வௌவால் கூட்டங்களை எண்ணுதலும் தொடர்ந்து கண்காணித்தலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களில் ஆல், புளி, மருதம், இலுப்பை போன்ற பெருமரங்களில் பகல் முழுவதும் தலைகீழாகத் தொங்கும் வௌவால்களைக் கணக்கெடுக்க வருகிறவர்கள் ஏறத்தாழ ஒரே ஐயங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் விடைகள் முன்னவற்றைச் சார்ந்தவை என்பதால், முதன்முறை படிப்பவர்கள் வரிசையாகப் படிப்பது நல்லது.

ஆயிரக்கணக்கில்தான் தொங்குகிறதே, அதை எதற்காக எண்ண வேண்டும்?

ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் தொங்குவதுதான் சிக்கலே. சுற்றுவட்டாரத்து வௌவால்கள் எல்லாம் சில மரங்களில் கூடியிருக்கும்போது, சாலை விரிவாக்கத்துக்காக அந்த மரங்களை வெட்டினால் ஒரே நாளில் கூட்டம் முழுவதும் சிதறிவிடும். பெரிய பழந்தின்னி வௌவால் ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும். எலியைப் போலவோ கொசுவைப் போலவோ இழந்ததை விரைவில் ஈடுசெய்துகொள்ள அதனால் முடியாது.

நடைமுறைக் காரணமும் ஒன்று உண்டு. மரத்தை வெட்டலாமா என்ற பேச்சு எழும்போது, "நிறைய வௌவால் இருக்கிறது" என்ற சொல் எந்த அலுவலகத்திலும் எடுபடாது. நாள், நேரம், எண்ணியவர், எண்ணிய முறை ஆகியவற்றோடு பல ஆண்டுக் கணக்கு கையில் இருந்தால்தான் அதைக் கோப்பில் சேர்ப்பார்கள்.

எங்கள் ஊர் மரத்தில் தொங்குவது எந்த வௌவால்? எல்லா வகையையும் ஒரே மாதிரி எண்ணலாமா?

வெட்டவெளி மரத்தில் நூற்றுக்கணக்கில் தொங்கி, பகலிலும் சிறகை விசிறிக்கொண்டு இரைச்சலிட்டால் அது பெரும்பாலும் இந்தியப் பெரும் பழந்தின்னி வௌவால்தான். சிறகை விரித்தால் ஒரு மீட்டருக்கு மேல் அகலம் இருக்கும். நன்கு வளர்ந்த ஆண் ஒரு கிலோவுக்கும் அதிகமாக எடை நிற்கும். கழுத்தையும் தோளையும் சுற்றிப் பொன்னிறமோ செம்பழுப்போ தெரியும். நெட்டிலிங்க மரத்திலும் பனையோலை அடியிலும் சிறு குழுக்களாகத் தங்குவது குறுமூக்குப் பழந்தின்னி. கோயில் மண்டபம், பாழடைந்த கட்டடம், பாறைக் குகை ஆகியவற்றில் இருப்பவை பெரும்பாலும் பூச்சியுண்ணும் வகைகள்.

மூன்றுக்கும் முறை வேறு. மரத்தில் வெளிப்படையாகத் தொங்குவதைப் பகலிலும் எண்ணலாம், அந்தியிலும் எண்ணலாம். குகையில் இருப்பதை வாயிலில்தான் எண்ண வேண்டும். ஓலைக்குள் ஒளிந்திருப்பதை மரம் மரமாகத் தேட வேண்டும். வகையை உறுதிசெய்யாமல் எண்ணிய கணக்குக்கு மதிப்பில்லை. மேகமலைப் பகுதியில் 1948இல் ஆங்கஸ் ஹட்டன் பிடித்த ஒரு வௌவால், குறுமூக்குப் பழந்தின்னி என்ற பெயரிலேயே அருங்காட்சியகத்தில் பல ஆண்டுகள் கிடந்தது. தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தோங்லோங்யா 1972இல் அதை மறுபடி ஆராய்ந்த பிறகே அது தனிப் பேரினம் என்று தெரிந்தது. அதுதான் சலீம் அலி பழந்தின்னி வௌவால்.

பகலில் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்து எண்ணிவிட்டால் போதாதா?

போதும் மரங்களும் உண்டு, போதாத மரங்களும் உண்டு. இலை உதிர்ந்த மரத்தில் பகல் கணக்கு நன்றாக வரும். அடர்ந்த ஆலமரத்திலோ உள்கிளைகளில் தொங்குபவை கண்ணில் படா. ஆகவே பகலில் கிடைப்பது "குறைந்தது இத்தனை" என்ற எண்தான். அதை அப்படியே குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

மரத்தடியில் நிற்க வேண்டாம். முப்பது நாற்பது மீட்டர் தள்ளி, வெயில் முதுகில் படும்படி நின்று, பைனாகுலரில் கிளை கிளையாக எண்ணுங்கள். மரத்துக்கு எண் கொடுத்து, மரவாரியாக எழுதுங்கள். காலைப்பொழுது உகந்தது, உச்சி வெயிலில் அவை நிழல் தேடி இடம் மாறிக்கொண்டே இருக்கும். கைதட்டியோ கல்லெறிந்தோ கிளப்பிவிட்டு எண்ணும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதைச் செய்யவே கூடாது: பகல் வெப்பத்தில் அவற்றின் ஆற்றல் வீணாவதோடு, கிளம்பிச் சுழலும் கூட்டத்தை யாராலும் ஒழுங்காக எண்ணவும் முடியாது.

சாயங்காலம் கிளம்பும்போது எப்படி எண்ணுவது? கண்ணுக்கு எல்லாம் ஒரே கறுப்பாகத்தான் தெரிகிறது.

அந்தக் கறுப்புதான் உதவுகிறது. சூரியன் மறைவதற்கு அரைமணி நேரம் முன்பே இடத்தில் இருங்கள். கடைசி வெளிச்சம் தங்கும் வானத்தைப் பார்த்தபடி நின்றால் ஒவ்வொரு வௌவாலும் நிழலுருவமாகத் தெரியும். கூட்டம் நாற்புறமும் கிளம்பும் என்பதால், மரத்தைச் சுற்றிய வானத்தைப் பங்கு பிரித்து ஆளுக்கொரு பங்கு கொடுக்க வேண்டும். எல்லையாகத் தென்னை, மின்கம்பம், கோபுரம் போன்ற அசையாத பொருள்களை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எல்லை தெளிவாக இல்லாவிட்டால் ஒரே வௌவாலை இரண்டு பேர் எண்ணுவார்கள், அல்லது இரண்டு பேரும் விட்டுவிடுவார்கள்.

கையில் அழுத்தி எண்ணும் கவுன்ட்டர் இருந்தால் கண்ணை வானத்திலிருந்து எடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றாக வரும்போது ஒவ்வொன்றாகவும், திரளாக வரும்போது பத்துப் பத்தாகவும் எண்ணுங்கள். உங்கள் எல்லையைக் கடந்து வெளியே போனவற்றிலிருந்து, திரும்பி வந்தவற்றைக் கழிக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணை உரக்கச் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொள்வது நல்ல ஏற்பாடு.

முடித்த காரணத்தையும் எழுதுங்கள். வருகை ஓய்ந்ததால் நிறுத்தினீர்களா, இருட்டியதால் நிறுத்தினீர்களா என்பது எண்ணின் பொருளையே மாற்றிவிடும். இருட்டியதால் நிறுத்திய கணக்கும், பகல் கணக்கைப் போலவே, "குறைந்தது இத்தனை" என்ற வகையைச் சேர்ந்ததுதான்.

நானும் நண்பரும் ஒரே பக்கத்தை எண்ணினோம். எனக்கு 640, அவருக்கு 710. எது சரி?

இரண்டையும் எழுதுங்கள். ஒருவர் எண்ணை மற்றவர் எண்ணுக்கு ஒத்துப்போகும்படி திருத்துவதுதான் தவறு. இந்த வேறுபாடு ஏறத்தாழ பத்து விழுக்காடு. அந்தி வெளிச்சத்தில் அது இயல்பானதே. சராசரி எடுத்து, வேறுபாட்டையும் உடன் தரலாம். ஒருவர் 400, மற்றவர் 900 என்றால் எல்லைக் குழப்பமோ, பத்துப் பத்தாக எண்ணுவதில் பழக்கக் குறைவோ இருக்கிறது. அந்த மாலைக் கணக்கை ஒதுக்கிவிட்டு மறுநாள் எண்ணுவதே நேர்மை.

பெருந்திரளைக் கண்ணால் மதிப்பிடும்போது பெரும்பாலோர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். கூட்டம் பறக்கும் புகைப்படம் ஒன்றைச் சில நொடிகள் பார்த்து மதிப்பைச் சொல்லிவிட்டு, பிறகு புள்ளி வைத்து எண்ணிப் பாருங்கள். நான்கைந்து படங்களுக்குப் பிறகு உங்கள் கண் எந்தப் பக்கம் சாய்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

வருடத்தில் எந்த மாதம் எண்ணுவது நல்லது?

மாதத்தைவிட, ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில் எண்ணுவதுதான் முக்கியம். பெரும் பழந்தின்னிக்குக் குட்டி பிறக்கும் காலம் பெரும்பாலும் பிப்ரவரி முதல் மே வரை. அந்த மாதங்களில் தாயின் மார்பைப் பற்றியபடி குட்டியும் இருப்பதால், எண்ணியது தாயை மட்டுமா, குட்டியையும் சேர்த்தா என்ற குழப்பம் வரும். சில வாரங்கள் கழித்துக் குட்டியை மரத்திலேயே விட்டுவிட்டுத் தாய் மட்டும் இரைதேடப் போகும்; அப்போது அந்திக் கணக்கில் குட்டி சேராது. எனவே குட்டி பிறக்கும் முன் ஒருமுறை, குட்டிகள் தாமே பறக்கத் தொடங்கிய பின் ஒருமுறை என்று வைத்துக்கொள்வது வசதி.

பிரிட்டனில் 1996 முதல் நடக்கும் தேசிய வௌவால் கண்காணிப்புத் திட்டத்திலும் இதே எண்ணம்தான் இருக்கிறது: கோடையில், குட்டிகள் பறக்கத் தொடங்கும் முன், கட்டடங்களிலிருந்து வெளிவரும் வௌவால்களைத் தன்னார்வலர்கள் எண்ணுகிறார்கள். மழையும் பலத்த காற்றும் உள்ள மாலைகளைத் தவிருங்கள். நிலவு எந்த நிலையில் இருந்தது என்பதையும் எழுதி வையுங்கள்.

அறுபது மரத்தில் இருக்கிறது. எல்லாவற்றையும் எண்ண ஆளில்லையே?

சில மரங்களை எண்ணி மற்றவற்றைக் கணக்கிடலாம். ஆனால் எண்ணும் மரங்களை நீங்கள் விருப்பப்படி தேர்ந்தெடுக்கக் கூடாது. விருப்பம் எப்போதும் நிறைந்த மரத்தின் பக்கமே போகும்.

அறுபதில் பத்து மரங்கள் மட்டும் நிறைந்திருக்கின்றன, மீதி ஐம்பதில் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்தையும் முழுமையாக எண்ணுங்கள். 2,600 கிடைத்தது என்போம். மீதி ஐம்பதின் எண்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, பத்தை எடுத்து எண்ணுங்கள். 240 கிடைத்தால் மரத்துக்குச் சராசரி 24, ஐம்பதுக்கு 1,200. ஆக மொத்தம் 3,800. நிறைந்த மரங்களையும் மற்றவற்றையும் ஒன்றாகக் கலந்து குலுக்கினால், நிறைந்த மரம் ஒன்று கூடவோ குறையவோ சீட்டில் வந்ததற்காகவே மொத்தம் தாறுமாறாக மாறும்.

கோயில் மண்டபத்தில் துரிஞ்சல் இருக்கிறது. உள்ளே போய் டார்ச் அடித்து எண்ணலாமா?

வேண்டாம். வெள்ளொளி பட்டதும் கூட்டம் கிளம்பிவிடும். குட்டி உள்ள காலமானால் குட்டிகள் தரையில் விழக்கூடும். வெளியேறும் வழியில், ஓரமாக உட்கார்ந்து எண்ணுவதே முறை. மங்கலான சிவப்பு விளக்கு அவற்றை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது.

இங்கேதான் "போனதில் வந்ததைக் கழி" என்ற விதி மிகவும் தேவைப்படும். குகையிலும் மண்டபத்திலும் வாழும் வௌவால்கள் வாயிலருகே வந்து, வெளியே எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று பார்த்து, உள்ளே திரும்பி, மறுபடி வருவது வழக்கம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரனும் ஜி. மாரிமுத்துவும் மதுரைக்கு அருகிலுள்ள குகை வௌவால்களின் நாள்சார் ஒழுங்கை, அதாவது அவை நாள்தோறும் எப்போது ஓய்ந்து எப்போது கிளம்புகின்றன என்பதை, ஆராய்ந்தபோது இந்த நடத்தையையும் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். இதை அறியாமல் வாயிலைக் கடக்கும் ஒவ்வொன்றையும் கூட்டிக்கொண்டே போனால், நூறு வௌவால் முந்நூறாகிவிடும்.

மண்டபத்துக்கு எத்தனை வழி இருக்கிறது என்பதைப் பகலில் வெளிப்பக்கமாகச் சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். உடைந்த சாளரம், கல்லிடுக்கு என்று எண்ணாத வழி ஒன்று இருந்தாலும் கணக்கு பிழை. எச்சம் குவிந்த மூடிய இடத்துக்குள் போகவே நேர்ந்தால் என்95 முகக்கவசம் கட்டாயம்.

வௌவால் சத்தத்தைச் செல்போனில் பதிவு செய்து எண்ண முடியாதா?

முடியாது, இரண்டு காரணங்களால். பூச்சியுண்ணும் வௌவால்களின் ஒலி நம் செவிக்கும் சாதாரண செல்போன் மைக்குக்கும் எட்டாத மீயொலி. தென்னாட்டுக் குகைகளில் மிகுதியாகக் காணப்படும் ஷ்னைடர் இலைமூக்கு வௌவால் 130 கிலோஹெர்ட்ஸை ஒட்டி ஒலிக்கிறது. மனிதச் செவியின் எல்லையோ 20 கிலோஹெர்ட்ஸ். ஆடியோமாத் போன்ற தனிக் கருவி வேண்டும். பெரும் பழந்தின்னியோ எதிரொலியால் வழி காண்பதே இல்லை. அது கண்ணையும் மூக்கையும் நம்பிப் பறப்பதால், அதற்கு இந்தக் கருவி உதவாது.

இரண்டாவது காரணம் அடிப்படையானது. கருவி பதிவு செய்வது கடந்துபோன தடவைகளை, தலைகளை அல்ல. விளக்குக் கம்பத்தைச் சுற்றும் ஒரே வௌவால் ஐம்பது தடவை பதிவாகும். எந்த வகை இருக்கிறது, எந்த மாதம் நடமாட்டம் கூடுகிறது என்று அறிய ஒலிப்பதிவு மிக நல்லது. கூட்டத்தின் அளவை அறிய அது வழியல்ல.

கேமரா? ட்ரோன்?

கேமரா நல்ல துணை. முக்காலியில் நிறுத்தி வானத்தை நோக்கிப் படமெடுத்து, பின்னர் மெதுவாக ஓட்டி எண்ணினால், முன்பு சொன்ன 640, 710 வழக்கைத் தீர்த்துக்கொள்ளலாம். ஜாம்பியாவின் கசங்கா தேசியப் பூங்காவில் ஆண்டுதோறும் கூடும் வைக்கோல் நிறப் பழந்தின்னி வௌவால்கள் ஒரு கோடி வரை இருக்கும் என்று மதிப்பிடப்பட்டு வந்தது. கூட்டத்தைச் சுற்றித் தரையில் கேமராக்களை மேல்நோக்கி வைத்து, கணினியைக் கொண்டு எண்ணிய ஆய்வு 2023இல் வெளியானபோது, கணக்கு ஏழரை லட்சத்துக்கும் 9,76,000க்கும் இடையே நின்றது.

ட்ரோனை நான் பரிந்துரைப்பதில்லை. தாழப் பறந்தால் கூட்டம் கலையும், உயரப் பறந்தால் இலைக்குள் இருப்பது தெரியாது. போதாக்குறைக்கு அனுமதி விதிகளும் உண்டு.

நிபா வைரஸ் வரும் என்கிறார்களே, பக்கத்தில் போகலாமா?

2018இல் கோழிக்கோட்டில் நிபா பரவிய பின் எழுந்த அச்சம் இது. அந்த வைரஸை இயற்கையில் சுமப்பது இந்தப் பெரும் பழந்தின்னி வௌவால்தான் என்பது உண்மை. ஆனால் முப்பது மீட்டர் தள்ளி நின்று எண்ணுகிறவர் வௌவாலையோ அதன் எச்சிலையோ சிறுநீரையோ தொடுவதில்லை. மரத்தடிக்குப் போகாதீர்கள், தொப்பியும் முழுக்கைச் சட்டையும் அணியுங்கள், கடித்துப் போட்ட பழங்களைத் தொடாதீர்கள், வீட்டுக்குப் போனதும் சோப்பால் கைகழுவுங்கள்.

விழுந்து கிடக்கும் வௌவாலை, அது குட்டியே ஆனாலும், வெறுங்கையால் எடுக்கக் கூடாது. கடியோ கீறலோ பட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். அச்சத்தில் மரத்தை வெட்டுவதும் கூட்டத்தை விரட்டுவதும் தீர்வல்ல; கலைந்த கூட்டம் வேறு ஊரில், ஒருவேளை வீடுகளுக்கு இன்னும் நெருக்கமாக, இடம் தேடும்.

யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா?

பொதுச்சாலையில் நின்று பார்த்து எண்ணுவதற்குத் தேவையில்லை. தனியார் தோப்பானால் உரிமையாளர், கோயிலானால் நிர்வாகம், காப்புக்காடானால் வனத்துறை. பிடித்து அளக்கவோ வளையமிடவோ வனத்துறை அனுமதி இன்றிக் கையே வைக்கக் கூடாது.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பழைய வடிவில் பழந்தின்னி வௌவால்கள், சலீம் அலி வகை நீங்கலாக, தீங்குயிர்களுக்கான ஐந்தாம் அட்டவணையில் எலியோடும் காகத்தோடும் இருந்தன. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த அட்டவணையையே நீக்கியது. பெரும் பழந்தின்னி இப்போது இரண்டாம் அட்டவணையில் பாதுகாக்கப்படுகிறது. "வௌவாலுக்குச் சட்டம் இல்லை" என்று சொல்கிறவர்கள் பழைய நினைவில் பேசுகிறார்கள்.

போன மாதம் 4,000 இருந்தது, இந்த மாதம் 1,500தான். மீதி செத்துவிட்டதா?

பெரும்பாலும் இடம் மாறியிருக்கும். கிழக்கு ஆஸ்திரேலியாவில் 201 பழந்தின்னி வௌவால்களுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி ஐந்தாண்டு பின்தொடர்ந்தபோது, அவை எழுநூறுக்கும் மேற்பட்ட தங்குமிடங்களைப் பயன்படுத்தியது தெரிந்தது. அவற்றுக்கு ஒரு மரக்கூட்டம் நிலையான வீடல்ல, வழிப்போக்கர் சத்திரம் போன்றது: உள்ளே இருப்பவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். நம்மூர் வௌவால் வேறு இனம் என்றாலும், இலுப்பை, அத்தி, மா ஆகியவை எங்கே பழுக்கின்றனவோ அந்தப் பக்கம் கூட்டத்தில் ஒரு பகுதி நகர்வதை இங்கும் காணலாம்.

எனவே ஒற்றை மரத்தின் எண்ணை வைத்து இனத்தின் நிலையைச் சொல்ல இயலாது. அண்டையிலுள்ள எல்லாத் தங்குமிடங்களையும் ஒரே மாலையில், அல்லது அடுத்தடுத்த ஓரிரு நாட்களுக்குள், எண்ண வேண்டும். 2013இல் தொடங்கிய ஆஸ்திரேலியத் தேசியக் கண்காணிப்புத் திட்டம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பல தங்குமிடங்களைக் குறுகிய நாட்களுக்குள் எண்ணி முடிப்பது இதற்காகத்தான். அதே நேரம், வேட்டை நடந்திருக்கலாம் என்பதையும் தள்ளிவிட வேண்டாம். வௌவால் கறி ஆஸ்துமாவுக்கு மருந்து என்ற ஆதாரமற்ற நம்பிக்கை இன்னும் உயிரோடு இருக்கிறது. மரத்தருகே வலை, தோட்டாக் கூடு, இரத்தக்கறை எதையாவது கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

எத்தனை ஆண்டு எண்ணினால் "குறைகிறது" என்று துணிந்து சொல்லலாம்?

உங்கள் கணக்கு எவ்வளவு ஆடுகிறது என்பதைப் பொறுத்தது. ஒரே வாரத்தில் மூன்று மாலைகள் எண்ணிப் பாருங்கள். மூன்றும் 3,000, 3,400, 2,700 என்று வந்தால், அடுத்த ஆண்டு 2,800 வந்ததைக் குறைவு என்று சொல்ல உங்களிடம் ஆதாரம் இல்லை. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் பல மாலைகள் எண்ண வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு வீதம் குறையும் கூட்டம் ஏறத்தாழ பதினான்கு ஆண்டில் பாதியாகிவிடும். ஆனால் எந்த ஓர் ஆண்டிலும் அந்த ஐந்து விழுக்காடு கண்ணுக்குத் தெரியாது. இரண்டு மூன்று ஆண்டு எண்ணிவிட்டு "மாற்றமில்லை" என்று எழுதும் அறிக்கைகளை இதனாலேயே நான் நம்புவதில்லை.

வௌவால் போய்விட்ட மரத்துக்கும் போய்ப் பார்க்க வேண்டுமா? வீண் வேலைதானே?

போக வேண்டும், சுழியம் என்று எழுத வேண்டும். பலர் கண்காணிப்பைத் தொடங்குவதே கூட்டம் பெரிதாகி ஊரார் கண்ணில் பட்ட ஆண்டில்தான். உச்சத்தில் தொடங்கிய கணக்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் இயல்பாகவே இறங்கும். அதை அழிவு என்று படித்துவிடுவோம். காலியான மரத்தைக் கைவிட்டுவிட்டு நிறைந்த மரங்களை மட்டும் பார்த்துவந்தால் நேரெதிரான பிழை நேரும்: எல்லாம் நலம் என்று தோன்றும். பெரிய, சிறிய, காலியான மரங்கள் எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே பட்டியலிட்டு, அந்தப் பட்டியலை மாற்றாமல் வைத்திருப்பதே இரண்டுக்கும் மருந்து.

தீபாவளி வெடியும் கோடை வெயிலும் கணக்கைப் பாதிக்குமா?

வெடியால் கூட்டம் கலைந்து போவதுண்டு. திருச்சி மாவட்டத்துத் தோப்புப்பட்டி போல, வௌவாலுக்காக வெடி வெடிப்பதையே விட்ட ஊர்களும் இருக்கின்றன. உங்கள் ஊரில் விளைவை அறிய விரும்பினால், பண்டிகைக்கு முந்தைய வாரமும் பிந்தைய வாரமும் ஒரே முறையில் எண்ணுங்கள்.

வெயில் இன்னும் கொடியது. ஆஸ்திரேலியாவில் 42 பாகையைத் தாண்டிய நாட்களில் பழந்தின்னிகள் கூட்டமாக இறந்திருக்கின்றன: 2002 ஜனவரி 12 அன்று நியூ சவுத் வேல்ஸில் 3,500க்கும் மேல், 2018 நவம்பரில் கெய்ன்ஸ் வட்டாரத்தில் கண்ணாடிப் பழந்தின்னி எனப்படும் வகையில் ஏறத்தாழ 23,000. எனவே அன்றைய உச்ச வெப்பத்தைக் குறிப்பேட்டில் ஒரு பத்தியாகவே வைத்துக்கொள்ளுங்கள். இறந்தவற்றைத் தொடாமல், உயிருள்ளவற்றோடு கலக்காமல், தனியாக எண்ணுங்கள்.

ஊர்ப் பெரியவர் அந்தக் காலத்தில் லட்சம் வௌவால் இருந்தது என்கிறார். நாங்கள் எண்ணியது 3,000. அப்படியானால் 97 விழுக்காடு அழிந்துவிட்டதா?

அப்படிக் கழித்துவிடக் கூடாது. அமெரிக்கத் தென்மேற்கிலுள்ள ஆறு பெருங்குகைகளில் 5 கோடியே 40 லட்சம் வால்நீட்டி வௌவால்கள் இருப்பதாக 1957இல் மதிப்பிடப்பட்டது. வெப்பப்படக் கேமரா கொண்டு பின்னர் எண்ணியபோது ஏறத்தாழ 40 லட்சம்தான் கிடைத்தன. இடையில் உண்மையாகவே குறைந்தது எவ்வளவு, பழைய மதிப்பீடு மிகையானது எவ்வளவு என்று பிரித்தறிய வழியில்லை, முறை மாறிவிட்டது.

அதற்காகப் பெரியவர் சொன்னதைத் தள்ளிவிடவும் வேண்டாம். எண்ணை விட்டுவிட்டு வேறு கேளுங்கள்: எந்தெந்த மரங்களில் தொங்கின, அவற்றில் எவை இப்போது இல்லை, எந்தத் திசையில் கிளம்பின, எந்த ஆண்டு வெள்ளத்துக்கோ சாலை வேலைக்கோ பிறகு குறைந்தன. மரம் நின்ற இடத்தையும் கிளம்பிய திசையையும் மனிதர்கள் வியக்கத்தக்க அளவு சரியாக நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பழைய மரங்களை முன் சொன்ன பட்டியலில் சேர்த்து, சுழியமானாலும் எழுதத் தொடங்குங்கள். வேட்டை நடக்கும் வட்டாரமானால், அந்த இடங்களின் துல்லியமான வரைபடத்தைப் பொதுவில் வைக்காமல் ஊராட்சி ஒன்றியத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.